கதவடியில் நுழையும் மழை

லோஹேகாவ் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் புனே விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். 1939இல் பிரிட்டிஷ் விமானப்படை பம்பாயின் பாதுகாப்புக்காக அமைத்த தளம் அது. இன்றும் போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுதளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வானிலைச் செய்திகளைக் கவனிப்பவர்களுக்கு அந்தப் பெயர் இன்னொரு விதத்தில் பழக்கம். புனேயின் மழைக்கணக்கில் சிவாஜிநகருக்கு அடுத்தபடி லோஹேகாவ் நிலையத்தின் அளவும் இடம்பெறும். சஹ்யாத்ரி மலைத்தொடருக்குக் கிழக்கே, மழைமறைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 590 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மேட்டு நிலத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான். சென்னையில் இதைப் போல இரண்டு மடங்கு பெய்கிறது. அதே மகாராஷ்டிரத்தில், மலை முகட்டில் இருக்கும் மகாபலேஷ்வரில் ஏழு மடங்குக்கும் மேல். இவ்வளவு குறைந்த மழையில் ஒரு மரக்கதவு ஏன் ஒழுக வேண்டும்? ஆனால் ஒழுகத்தான் செய்கிறது. மேற்கையோ தென்மேற்கையோ பார்த்த பழைய கதவு என்றால் ஜூன் மாதத்திலேயே உள்பக்கத் தரை நனைந்துவிடும். உடனே எல்லோரும் தேடுவது ஒரு சிலிக்கான் குழாய். இடுக்கை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பழைய வெளிக்கதவு ஒழுகுவதற்கு முக்கியக் காரணம், இடுக்குவரை வந்துவிட்ட நீர் திரும்பி வெளியே போக வழியில்லாமல் இருப்பது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது நீரை வடியவிடும் வேலை. அடைப்பது அதற்குப் பிறகு, அதுவும் சரியான இடத்தில் மட்டும்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய ஜி. கே. கார்டன் 1963இல் கட்டட மழைக்கசிவைப் பற்றிச் சில பக்கங்களே கொண்ட ஓர் ஆய்வுக்குறிப்பு எழுதினார். கட்டட அறிவியலில் இன்றும் அதை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது எளிமையானது. கசிவுக்கு மூன்று வேண்டும்: பரப்பின் மேல் நீர், நீர் புகத் திறப்பு, நீரை அந்தத் திறப்புக்குள் செலுத்த ஒரு விசை. மூன்றில் ஏதாவது ஒன்றை நீக்கினால் போதும், கசிவு நிற்கும். நாம் பெரும்பாலும் இரண்டாவதோடு மட்டும் மல்லுக்கட்டுகிறோம். ஆனால் திறப்பே இல்லாத கதவு என்று ஒன்று இருக்க முடியாது. திறந்து மூடுவதற்காகச் செய்ததுதானே கதவு. அதனால் நீரின் அளவைக் குறைப்பதும், நீரைச் செலுத்தும் விசையைச் செயலிழக்கச் செய்வதும்தான் பலன் தரும். அந்த விசைகள் எவை, லோஹேகாவில் அவை எவ்வளவு பெரியவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பழுதை எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நீரின் அளவு. மழை மேலிருந்து கீழே விழுகிறது என்று நினைத்துத்தான் கதவுக்கு மேல் இரண்டு அடிக்கு ஒரு சஜ்ஜா நீட்டுகிறோம். காற்று இல்லாதபோது அது சரி. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில்தான் விழும். இரண்டு மில்லிமீட்டர் துளி 6.5 மீட்டர் வேகத்தில். பருவமழைக் காலத்தின் மேலைக்காற்று நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், சிறிய துளி ஓர் அடி இறங்குவதற்குள் இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். அப்போது 60 சென்டிமீட்டர் சஜ்ஜா, தனக்குக் கீழே 30 சென்டிமீட்டர் உயரத்தைத்தான் காக்கும். 2.1 மீட்டர் உயரக் கதவு முழுவதையும் அந்தச் சாரலிலிருந்து காக்க 4.2 மீட்டர் நீளமான கூரை வேண்டும். சுவரை நெருங்கும்போது காற்றின் வேகமும் திசையும் மாறுவதால் நிலைமை இந்தக் கணக்கு சொல்லும் அளவுக்கு மோசமாக இருக்காது. ஆனாலும் சஜ்ஜாவை இன்னும் ஓர் அடி நீட்டினால் போதும் என்ற யோசனைக்கு இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. நீட்டினால் கதவின் மேல்பகுதி நனைவது குறையும். ஒழுகும் இடமோ கீழ்ப்பகுதி. 1960களில் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். இ. லேசி, காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் கொண்டு சாரலைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். மணிக்கு 20 மில்லிமீட்டர் மழையும் 8 மீட்டர் காற்றும் சேர்ந்தால், செங்குத்தாக நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் மணிக்கு 25 லிட்டர் நீர் கடக்கும் என்கிறது அது. கதவின் மேல் அதில் பாதிதான் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு வாளிக்குக் குறையாத நீர். அது அத்தனையும் கதவின் முகத்தில் வழிந்து கடைசியில் ஒரே இடத்துக்கு, கீழ் விளிம்புக்கு வந்து சேர்கிறது. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரா, 1,400 மில்லிமீட்டரா என்பது அந்த விளிம்புக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தில் காற்று எப்படி அடித்தது என்பதுதான் அங்கே கணக்கு. விமானத் தளத்தை ஒட்டிய வீடுகளுக்கு எதிரே காற்றைத் தடுக்கக் கட்டடமோ மரமோ இல்லாத திறந்த வெளி இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி விசை. காற்று கதவில் மோதி நிற்கும்போது அழுத்தமாக மாறுகிறது. லோஹேகாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.1 கிலோ அளவில் இருக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்று தரும் அழுத்தம் 55 பாஸ்கல். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்த அழுத்தம் ஐந்தரை மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கிப் பிடிக்கும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால், 20 மீட்டர் காற்றில் 22 மில்லிமீட்டர் ஆகிவிடும். இடிமழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றில் அது அரிதல்ல. கதவடியில் தேங்கிய நீர், உள்பக்கம் அந்த உயரத்துக்குக் குறைவான தடுப்பு இருந்தால், மேட்டிலேயே ஏறி உள்ளே வந்துவிடும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 புனேக்கு வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். சுமார் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய, சில நொடிகளே நீடிக்கும் வேகம் அது. அதற்கு 9 சென்டிமீட்டர் தடுப்பு வேண்டியிருக்கும். தடுப்பின் உயரத்தை மட்டும் நம்பி எந்தக் கதவையும் காக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும். இன்னொன்றும் இருக்கிறது. நம் வீட்டு வெளிக்கதவுகளில் பெரும்பாலானவை உள்பக்கம் திறப்பவை. நிலையில் வெட்டிய காடியின் உதடு வெளிப்பக்கம் இருக்கும். கதவு அதன்மேல் சாய்ந்து மூடும். 10 மீட்டர் காற்றில் இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் சுமார் 11 கிலோ எடைக்கு ஒப்பான விசை உள்நோக்கி அழுத்துகிறது. நடுவில் ஒரு பூட்டு மட்டும் இருந்தால், பூட்டுப் பக்கத்தின் கீழ் மூலை காடியிலிருந்து விலகும். மழை நின்றதும் கதவு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பகலில் வந்து பார்க்கும் தச்சருக்கு இடுக்கே தென்படாது. வெளியில் திறக்கும் கதவில் இதே காற்று கதவைக் காடியோடு இன்னும் இறுக்கும். ஆனால் சூறைக்காற்றில் அது கையை மீறிப் பறக்கும் என்பதால் வீடுகளில் அதை யாரும் விரும்புவதில்லை.

காற்றே இல்லாமலும் நீர் மேலே ஏறும். நன்றாக நனையும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நுண்புழை விசை நீரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தும். இடைவெளி அரை மில்லிமீட்டராகக் குறைந்தால் மூன்று சென்டிமீட்டர். ஐந்து மில்லிமீட்டராகப் பெருகினாலோ வெறும் மூன்று மில்லிமீட்டர்தான். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பத்திரம் என்ற நம் இயல்பான நினைப்பை இந்தக் கணக்கு தலைகீழாக்குகிறது. அரைகுறையாக நெருங்கிய இடுக்குதான் மிக ஆபத்தானது. முழுதும் மூடாத, ஆனால் மயிரிழை அளவுக்கு ஒடுங்கிய பிளவு நீரை இழுத்துக் கொள்ளும். இழுத்ததை விடவும் விடாது. ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்தில் நேர்மையாகத் திறந்திருக்கும் இடைவெளி, பின்னால் வடிய வழி இருந்தால், நீரைத் தன் எடையாலேயே கீழே விழவைக்கும். கதவின் அடிவிளிம்பிலும் இதே விசைகள்தான் வேலை செய்கின்றன. முகத்தில் வழிந்து வந்த நீர் விளிம்பை அடைந்ததும் சொட்டிவிடுவதில்லை. அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு உள்நோக்கி நகர்கிறது. சஜ்ஜாவின் அடியிலும் இதேதான். முன்விளிம்பிலிருந்து பின்னால் ஊர்ந்து, சுவரைத் தொட்டு, நிலையின் தலையில் வந்து இறங்கும் நீரைக் கூரைக்கசிவு என்று நினைத்து மொட்டைமாடியில் தார் பூசியவர்கள் உண்டு.

இவற்றோடு மரத்தின் குணமும் சேர்கிறது. புனேயின் காற்று ஆண்டில் இரு முனைகளைத் தொடுகிறது. ஏப்ரல், மே பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீத அளவுக்கு இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் 85ஐ ஒட்டி நிற்கும். முதல் நிலையில் நெடுநாள் இருக்கும் மரத்தின் ஈரம் அதன் எடையில் 5 முதல் 6 சதவீதம். இரண்டாவதில் 17 சதவீதம். ஒரு கனமான கதவு அந்த எல்லைகளை முழுதாகத் தொடுவதற்குள் பருவம் மாறிவிடும் என்பதால் பாதி மாற்றத்தை மட்டும் கணக்கில் கொள்வோம். தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில், ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் சுமார் 0.2 சதவீதம் விரியும் அல்லது சுருங்கும். பலகைகளை அடுக்கி ரீப்பர் அறைந்த 90 சென்டிமீட்டர் அகலக் கிராமத்துக் கதவு இந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் வரை அகலம் மாறலாம். சட்டம் கட்டி நடுவில் பலகை செருகிய கதவில் இரு பக்க நெடுஞ்சட்டங்களின் அகலம் மட்டுமே கணக்கில் வரும். அது இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்தோடு நின்றுவிடும். நடுப்பலகை தன் காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். தேக்கு மலிவாக இருந்த காலத்திலும் தச்சர்கள் சட்டக்கதவுக்கு அத்தனை உழைப்பைக் கொட்டியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அழகு அதோடு கூடவே வந்தது.

இங்கேதான் சிலிக்கான் ஆதரவாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தரமான சிலிக்கான், தான் நிரப்பிய இடைவெளியின் அகலத்தில் கால் பங்கு அளவுக்கு நீண்டு சுருங்கும் என்பது அதன் வழக்கமான தகுதி. மூன்று மில்லிமீட்டர் இடுக்கில் அது முக்கால் மில்லிமீட்டர் அசைவைத்தான் தாங்கும். கதவோ ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அசைகிறது. பழைய எண்ணெய் வண்ணத்தின் மேல் பூசினால் சிலிக்கான் வண்ணத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். வண்ணம் உரியும்போது அதுவும் உரிந்து வரும். இப்படி ஓரிடத்தில் விட்ட அடைப்பு, கண்ணுக்குத் தெரியாத மயிரிழைப் பிளவாகி, மேலே சொன்ன நுண்புழை வேலையைத் தொடங்கிவிடும். இப்போது உள்ளே போன நீருக்கு வெளியேறும் பாதையையும் நாமே அடைத்திருக்கிறோம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வேரூன்றத் தொடங்கும். தேக்கின் வைரம் பல ஆண்டு எதிர்த்து நிற்கும், வெளிறு நிற்காது. ஈரத்தைத் தேடிக் கரையானும் வரும். நிலையின் அடிக்கட்டை உள்ளுக்குள் மாவாகிப் போயிருக்க, வெளியே வண்ணம் பளபளவென்று இருப்பது பெரும்பாலும் இப்படி அடைத்த கதவுகளில்தான். அடைப்பே கூடாது என்று சொல்லவில்லை. அசையாத இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில், நிலைக்கும் சுவருக்கும் நடுவே, அது அருமையாக வேலை செய்யும். கதவின் அடியில்தான் அது வேலை செய்யாது.

பழுதைக் கண்டுபிடிப்பதில் பொறுமை வேண்டும். நீர் தெரியும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். லின்டலின் ஓரத்துப் பூச்சு வெடிப்பில் நுழைந்த நீர், நிலைக்கும் செங்கல்லுக்கும் இடையே இரண்டு மீட்டர் இறங்கி, தரை மட்டத்தில் எட்டிப்பார்க்கும். வீட்டுக்காரர் கதவடியைக் குற்றம் சொல்வார். ஆகவே முதலில் மழையில்லாத நாளில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வெள்ளை உப்புப் படிவு எங்கே, வண்ணம் கொப்புளித்திருப்பது எங்கே, ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்தினால் மரம் எங்கே உள்வாங்குகிறது என்று குறித்துக்கொள்ளலாம். கதவை மூடி, நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்தால் எங்கே பிடிப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெரியும். இன்னொருவர் உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்போது அதையே செய்தால் காற்றடிக்கும் நேரத்து இடுக்கும் தெரிந்துவிடும். தரைமுழுதும் சமமாக வியர்த்திருந்தால் அது மழைநீர் அல்ல. குளிர்ந்த ஷாஹாபாத் கல்லின் மேல் ஈரக்காற்று படிந்தது. கதவின் கீழ் ஓர் அடி மட்டும் சேறு தெறித்த தடத்தோடு இருந்தால், வாசல் தரையில் விழும் மழை எகிறி அடிக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து கதவில் இல்லை, வாசலில் இருக்கிறது.

அதன் பிறகு நீர்ச்சோதனை. தோட்டத்துக் குழாயின் முனையை அழுத்திப் பீய்ச்சக் கூடாது. அப்படிப் பீய்ச்சினால் எந்தக் கதவும் ஒழுகும், எதுவும் தெரியவராது. நீர் மென்மையாக வழிய வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் இதில் மாற்றக் கூடாத ஒரே விதி. முதலில் படியை மட்டும் நனைத்து கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சும் மெல்லிய காகிதமுமாக இருக்க வேண்டும். கசிவு இல்லையென்றால் கதவின் அடிவிளிம்பு, அடுத்து நடுப்பலகைகளின் ஓரம், அடுத்து நிலைக்கால், கடைசியில் நிலையின் தலையும் சஜ்ஜா சுவரைச் சேரும் கோடும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று பிரித்தறிய முடியாது. சோதிக்காத பகுதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுநாடா போட்டுக்கொண்டால் முடிவு இன்னும் தெளிவாக இருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் ஆகும். தவறான இடத்தை மூன்று பருவமழைக்கு மூன்று முறை அடைப்பதைவிட இது மலிவு.

நிலைக்கும் சுவருக்கும் இடையில் வெடிப்பு தென்பட்டால், சுகோய் விமானங்களின் அதிர்வைக் காரணம் சொல்ல இந்தப் பகுதியில் யாருக்கும் தோன்றும். அதிர்வு மட்டும் காரணமென்றால் வெடிப்பு சுவரெங்கும் தாறுமாறாகப் பரவியிருக்க வேண்டும். மரம் முடிந்து பூச்சு தொடங்கும் கோட்டில் மட்டும் நேராக ஓடுகிறது என்றால் வேறு விளக்கம்தான் பொருந்தும்: மரம் ஆண்டுதோறும் அசைகிறது, பூச்சு அசையவில்லை. நிலையைச் சுவரில் பிணைக்கும் இரும்பு ஹோல்ட்ஃபாஸ்ட் இருக்கும் உயரத்தில் பூச்சு புடைத்திருந்தால், உள்ளே துருவேறியிருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அப்படியான இடத்தில் பூச்சை உடைத்து, துருவைச் சுரண்டி, இரும்புக்கு முதல் பூச்சு கொடுத்துத் திரும்பப் பூச வேண்டும். மரத்தை ஒட்டி ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு காடி விட்டு, அதற்குள் நுரைக்கயிறு செருகி, மேலே பாலியூரித்தேன் அடைப்பு வைக்கலாம். இடம் அகலமாக இருப்பதால் அசைவைத் தாங்கும். பின்னால் கயிறு இருப்பதால் அடைப்பு இரு பக்கங்களை மட்டும் பற்றி நீளும். சிமென்டைக் குழைத்து மரத்தோடு ஒட்டத் தீற்றுவது ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

கதவின் அடிவிளிம்புக்கு வருவோம். வேலையின் உயிர் இங்கேதான். கதவின் வெளிமுகத்தில், கீழ்க் குறுக்குச்சட்டத்தின் மேல், முழு அகலத்துக்கும் ஒரு தேக்குக் கட்டையைப் பொருத்த வேண்டும். மேற்புறம் வெளிநோக்கிச் சரிவாக இழைத்தது. கதவின் முகத்திலிருந்து 40 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அடிப்புறத்தில், முன்விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே, நீளவாக்கில் ஒரு காடி வெட்டியது. அடிப்பரப்பில் ஒட்டிப் பின்னோக்கி ஊரும் நீர் அந்தக் காடியின் விளிம்பில் தடுக்கி நின்று சொட்டிவிடும். காடியின் அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. தொங்கும் நீர்த்துளி அரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் தடிக்கும். மூன்று மில்லிமீட்டர் காடியை அது எளிதாகத் தாண்டிவிடும், அதிலும் இரண்டு கை வண்ணம் அடித்துக் காடி பாதி நிரம்பியிருந்தால் கேட்கவே வேண்டாம். எட்டு மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் பாதுகாப்பானவை. சஜ்ஜாவின் அடியில் கொத்தனார் விடும் காடிக்கும் இதே கணக்குதான். கட்டைக்கும் கதவுக்கும் சேரும் மேல்கோட்டில் அடைப்பு வைக்கலாம், அங்கே இரண்டும் ஒன்றாகவே அசைகின்றன. துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் போட வேண்டும். இந்த ஒரு கட்டை, கதவில் வழிந்து வரும் வாளி நீரை இடுக்குக்கு வருமுன்பே வெளியே தள்ளிவிடும். கார்டன் சொன்ன மூன்றில் முதலாவது இங்கேயே பெருமளவு நீங்கிவிடுகிறது.

மிச்சம் வரும் நீருக்குப் படி. மகாராஷ்டிரத்துப் பழைய வீடுகளின் உம்பர்டாவும் நம் ஊர் நிலைப்படியும் தரையிலிருந்து எழுந்து நிற்பவை; காற்றழுத்தத்தை எதிர்க்கும் தடுப்பாகவும் அவை பயன்பட்டன. அண்மைக் காலத்தில் கட்டிய வீடுகளில் நிலைக்குக் கீழ்ச்சட்டமே இல்லை. வெளியே போட்ட கல் உள்ளேயும் அதே மட்டத்தில் தொடர்கிறது. அப்படிப்பட்ட வாசலில் கதவடிக்கு எத்தனை ரப்பர் ஒட்டினாலும் பயனில்லை. கருங்கல்லிலோ கடப்பாவிலோ ஒரு படி வைத்து, அதன் வெளிப்பகுதியைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வெளிநோக்கி அமைத்து, 25 மில்லிமீட்டர் தடுப்பு எழுப்பினால், நொடிக்கு 20 மீட்டர் காற்றுவரை நீர் ஏறி வராது. முதியவர்கள் தடுக்கி விழுவார்களே, சக்கர நாற்காலி எப்படிப் போகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. இருக்கும் மறுப்புகளில் மிக வலுவானதும் இதுதான். நீரைத் தடுக்க மனிதரைத் தடுப்பது சரியான தீர்வாகாது. அத்தகைய வீட்டில் படியை 12 மில்லிமீட்டருக்குள் வைத்து இரு பக்கமும் சீவிவிட்டு, வெளியே கதவையொட்டிக் கம்பிச்சட்டம் போட்ட ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, அதைத் தோட்டத்துக்கோ வடிகாலுக்கோ இணைக்கலாம். தேங்கும் நீரே இல்லையென்றால் உயரமான தடுப்புக்குத் தேவை குறைந்துவிடும். செலவு கூடும்தான், ஆனால் வீட்டில் ஒருவர் விழுவதை நினைத்தால் அந்தச் செலவு செய்யத்தக்கதே.

இவ்வளவும் ஆன பிறகு ரப்பர் பட்டையின் முறை. எங்கே ஒட்டுவது என்பதில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வெளிவிளிம்பில், கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டினால் அது வெயிலில் வெடிக்கும், நனைந்துகொண்டே இருக்கும், அதில் ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும் அழுத்த வேறுபாடு முழுதும் அந்த ஓட்டையில் குவிந்து நீரைப் பீய்ச்சும். எவ்வளவு உள்ளே தள்ளி, நனையாத இடத்தில் காற்றை அடைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அப்போது வெளியிலுள்ள காற்றழுத்தம் இடுக்குக்குள்ளும் பரவிச் சமமாகிவிடும். நீரை உள்ளே தள்ள விசை மிஞ்சாது. வெளியே வடிகால், உள்ளே காற்றடைப்பு என்ற இந்த வரிசையைத்தான் உலகெங்கும் நல்ல சன்னல்களும் கதவுகளும் பின்பற்றுகின்றன. உள்ளே திறக்கும் பழைய கதவில் காடியின் மூலையில், குழாய் வடிவ ரப்பரை ஒட்டி, மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள் போட்டு, மழைக்காற்றில் மூன்றையும் பூட்டினால் கீழ் மூலை விலகுவது நிற்கும். மேல், கீழ்த் தாழ்ப்பாள்களைப் போடாமலே இரவைக் கழிக்கும் வீடுகளில் அதைப் போடத் தொடங்குவதே பாதிப் பரிகாரம், காசு செலவில்லை.

மரத்தைப் பற்றி இரண்டு வேலைகள். கதவைக் கீலிலிருந்து கழற்றி அடிவிளிம்பைப் பார்த்தால், பெரும்பாலான கதவுகளில் அங்கே வண்ணமே இருக்காது. கதவை மாட்டிய பிறகு வண்ணம் அடித்தவருக்குப் பிரஷ் எட்டாத இடம் அது. நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக நுனியில் குடிக்கும், மரமாக நின்றபோது நீர் ஏறிய குழல்கள் திறந்திருக்கும் முகம் அது. நன்றாக உலரவைத்து, பிரைமரும் எனாமலுமாக மூன்று கையாவது அங்கே போக வேண்டும். முகத்துக்கு வண்ணம் அடிப்பதைவிட இது முக்கியம். அடுத்தது நிலைக்கால்களின் பாதம். தரைக் கான்கிரீட்டுக்குள் புதைத்த பாதம் ஈரத்தை உறிஞ்சி அழுகியிருந்தால், முழு நிலையையும் பெயர்க்க வேண்டியதில்லை. அழுகலுக்கு ஒரு சாண் மேலே சாய்வாக அறுத்து, புதிய தேக்குத் துண்டை அதே சாய்வில் இணைத்து, அதைத் தரையில் புதைக்காமல் ஒரு கல் துண்டின் மேல் நிறுத்தினால் போதும். சாய்வு வெளிநோக்கி இறங்க வேண்டும்; உள்நோக்கி இறங்கினால் இணைப்பே நீரை உள்ளே அழைத்துவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் கதவையே மாற்றிவிடலாமே என்பார்கள். யுபிவிசி கதவு விரிந்து சுருங்குவது வேறு விதம். பூஞ்சையும் அதைத் தொடாது. நிலையும் கதவும் சேர்ந்து வரும் தரமான யுபிவிசி அமைப்பில் வடிதுளையும் உள்ரப்பரும் ஏற்கெனவே இருக்கும். அது நல்ல கதவுதான், இந்தக் கட்டுரை சொல்லும் இயற்பியலைப் பின்பற்றித்தான் அதையும் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் அப்படி நடப்பதில்லை. பழைய நிலையிலேயே ஒரு பிளைவுட் கதவை மாட்டுகிறார்கள். படியின் சரிவு மாறவில்லை, சுவர் வெடிப்பு மாறவில்லை, சஜ்ஜாவின் காடி மாறவில்லை. கொதிநீர் தாங்கும் பசையில் செய்யாத பிளைவுட் என்றால் இரண்டு மழையில் அடி விளிம்பு இதழ் இதழாகப் பிரியும். முதிர்ந்த தேக்கின் வைரத்தில் செய்த பழைய கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைவிட மோசமான ஒன்றை அதே ஒழுகும் வாசலில் நிறுத்துவது வருத்தம் தரும் இழப்பு. சட்டங்கள் உறுதியாக இருந்து, அழுகல் பாதத்தோடு நிற்கிறது என்றால் பழுதுபார்ப்பதே அறிவியலுக்கும் பைக்கும் ஒத்த முடிவு. சட்டமூட்டுகளே ஆடி, கரையான் மேல்வரை போயிருந்தால் மட்டும் மாற்றலாம், நிலையோடும் படியோடும் சேர்த்து.

கடைசியாக, எப்போது செய்வது. மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டுமென்று மே மாதத்தில்தான் எல்லோரும் தச்சரைத் தேடுகிறார்கள். மரம் ஆண்டிலேயே மிகவும் சுருங்கியிருக்கும் மாதம் அது; அப்போது இடுக்கு இல்லாமல் பொருத்திய கட்டையும் ரப்பரும் ஆகஸ்டில் கதவை அசையவிடாமல் செய்துவிடும். ஆகஸ்டில் இறுகிய கதவை அப்போதே இழைத்தாலோ அடுத்த ஏப்ரலில் விரல் நுழையும் இடுக்கு நிற்கும். ஈரமான மரத்தில் வண்ணமும் பிடிக்காது. அக்டோபரில் பருவமழை விலகி, மரம் மெல்ல உலர்ந்து, தன் இரு எல்லைகளுக்கும் நடுவில் வந்து நிற்பது நவம்பர், டிசம்பரில். லோஹேகாவில் கதவு வேலைக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் சரியானவை. ஜூலையில் மழை பெய்யும்போது எங்கே ஈரம், எந்தத் திசைக் காற்றில், தொடங்கி எத்தனை நிமிடத்தில் என்று சுவரிலேயே பென்சிலால் குறித்து வைக்கலாம். எந்த இடத்தில் கதவு உரசுகிறது என்பதையும் சாக்பீஸால் கோடிட்டுக்கொள்ளலாம். நவம்பரில் குழாய்ச் சோதனை, பிறகு பழுது, பிறகு மறுபடியும் அதே சோதனை. இழைக்க வேண்டியிருந்தால் சாக்பீஸ் கோடு இருந்த இடத்தில் மட்டும், கீல் பக்கம் இரண்டு மில்லிமீட்டரும் பூட்டுப் பக்கம் மூன்று மில்லிமீட்டரும் இடைவெளி நிற்கும் அளவுக்கு இழைத்து, இழைத்த விளிம்பைப் பச்சையாக விடாமல் அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.